நோடு நோடாக நடந்த மேஸ்திரி

எம்.சி.ஏ. கடைசி வருஷம், 2003. இரவு சாப்பாட்டின்போது நைனா கேட்டார்: "ப்ராஜெக்ட்டுன்னு சொல்றியே, இன்னாடா பண்ற?"

"ஏஜெண்ட் செய்றேன் நைனா."

அவருக்கு ஏஜெண்ட் என்றால் ஒரே ஆள்தான். சென்னைப் பெரியமேட்டு மண்டிக்கும் எங்கள் பக்கத்துத் தோல் பதனிடும் டேனரிகளுக்கும் நடுவில் தோலைக் கைமாற்றி விடுகிற கமிஷன்காரர். "எவ்ளோ பர்சன்ட்டு?" என்றார். அம்மா சிரித்துவிட்டாள்.

நைனா வாணியம்பாடி டேனரி ஒன்றில் க்ரோம் பிரிவு மேஸ்திரியாக இருந்தார். முப்பது வருஷம் திருப்பத்தூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துப் போய் வந்தவர். வீட்டுக்குள் அவர் நுழைவதற்கு முன்பே அவர் சட்டை நுழைந்துவிடும். அப்படி ஒரு வாசனை. நான் இப்போது வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினிக் கிளஸ்டரைக் கவனித்துக்கொள்கிற சிஸ்டம் அட்மின். என் வேலையை நான் கற்றுக்கொண்டதில் பாதி, அவருடைய வேலையைப் பற்றி அவர் பேசக் கேட்டது. படிக்கும் காலத்தில் இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

முதலில் கிளஸ்டர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வானிலைக் கணிப்பு, மருந்து மூலக்கூறு ஆராய்ச்சி போன்ற பெரிய கணக்குகளை ஒரே கணினியில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். அதற்காகவே செய்த சூப்பர் கம்ப்யூட்டரின் விலை கேட்டால் தலைசுற்றும். 1994-ல் அமெரிக்காவின் நாசா காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் என்ற இருவர், கடையில் கிடைக்கிற சாதாரண 486 ரகக் கணினிகள் பதினாறை ஒன்றாக இணைத்து, ஒரே கணக்கைப் பங்குபோட்டுச் செய்ய வைத்தார்கள். பேவுல்ஃப் என்று பெயர். அதில் ஓடியது இலவச லினக்ஸ். அதைப் பார்த்து உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் சொந்தமாகக் கிளஸ்டர் கட்ட ஆரம்பித்தன. சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் 2004-ல் 144 கணினிகளை இணைத்துக் கட்டிய கிளஸ்டருக்கு இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயரை வைத்தார்கள்: கப்ரு. நொடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி கணக்கு. இன்று திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட பரம் பொருள் என்ற சூப்பர் கம்ப்யூட்டருக்கு நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குத் திறன். பெயர் வைத்தவர் யாரோ, நல்ல ரசனைக்காரர்.

இப்படிக் கொத்தாகக் கட்டிய கிளஸ்டரில் ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு. வாங்கிக் கட்டுவது ஒரு வாரத்து வேலை. கட்டியதைப் பார்த்துக்கொள்வதற்கு முடிவே கிடையாது. ஏழாம் நோடில் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிடும். பத்தொன்பதாம் நோடில் விசிறி நின்று சூடேறும். மூன்றாம் நோடில் யாரோ ஒரு மாணவன் விட்டுப்போன புரோகிராம் மூன்று நாளாகச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு நோடு தூங்கினால் மொத்தக் கணக்கும் அதற்காகக் காத்து நிற்கும்.

எங்கள் கல்லூரி லேபில் அப்போது 24 பென்டியம் கணினிகள். அவற்றைக் கொத்தாகக் கட்டி, கண்காணிக்க ஒரு வழி செய்ய வேண்டும் என்பது எனக்குக் கிடைத்த ப்ராஜெக்ட். அந்த நாட்களில் தமிழ்நாட்டுப் பொறியியல், எம்.சி.ஏ. மாணவர்களிடையே 'மொபைல் ஏஜெண்ட்' ஒரு ஃபேஷன். தி.நகர், வடபழனிப் பக்கம் ப்ராஜெக்ட் சென்டர்களில் ரெடிமேடாகவே விற்றார்கள், பைண்டிங்கோடு. நான் வாங்கவில்லை. காசில்லை என்பதுதான் காரணம், வேறு கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை.

மொபைல் என்றதும் செல்போன் நினைவு வரும். வைவாவுக்கு வந்த வெளித்தேர்வாளரும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார்: "இது நோக்கியாவில் ஓடுமா?" இந்த மொபைலுக்கு நடமாடுவது என்று பொருள். ஒரு கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் சிறு புரோகிராம் பாதியில் நின்று, தன் குறிப்புகளை மூட்டை கட்டிக்கொண்டு, கம்பி வழியே அடுத்த கணினிக்குப் போய், அங்கே எழுந்து மிச்ச வேலையைத் தொடரும். அங்கே முடிந்ததும் அடுத்தது. கடைசியில் சேர்த்த தகவலோடு வீடு திரும்பும்.

இதை நைனாவுக்கு எப்படிச் சொல்வது என்று திணறியபோது அவரே வழி காட்டினார். டிரம்முக்குள் தோல் சுற்றிக்கொண்டிருக்கும். க்ரோம் பவுடர் போட்டாயிற்று. அது தோலின் நடு வரைக்கும் இறங்கியதா இல்லையா? மேலாகப் பார்த்துச் சொல்ல முடியாது. மேஸ்திரி டிரம்மை நிறுத்தி, கதவைத் திறந்து, ஒரு தோலை இழுத்து, கழுத்துப் பக்கம் தடித்த இடத்தில் கத்தியால் ஒரு கீற்று அறுத்துப் பார்ப்பார். வெட்டு முகம் முழுக்க நீலம் ஓடியிருந்தால் இறங்கிவிட்டது. நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் சுற்ற வேண்டும். பிறகு சோடா கொடுத்து, பிஎச் ஏற்றி, வெட்டின இடத்தில் மருந்து ஒரு சொட்டு விட்டு, மஞ்சளா பச்சையா என்று பார்ப்பார். கடைசியாக ஒரு துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். சுருங்கக் கூடாது.

"ஒவ்வொரு டிரம் தோலையும் ஆபீஸ் ரூமுக்குத் தூக்கினு வந்தா பாப்பாங்க? கத்தி என் பாக்கெட்ல கீது. நான் போறேன். பாத்துட்டு ஒரு சொல்லு சொல்றேன், அவ்ளோதான்" என்றார்.

நடமாடும் ஏஜெண்ட்டின் மொத்த வாதமும் இதுதான். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எங்கள் நோடு ஒவ்வொன்றிலும் 200 எம்.பி. அளவுக்கு லாக் கோப்பு, அதாவது கணினி தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு, சேர்ந்திருக்கும். 24 நோடுக்கும் சேர்த்து 4,800 எம்.பி. எங்கள் நெட்வொர்க் நொடிக்கு 100 மெகாபிட். அத்தனையையும் சர்வருக்கு இழுத்துவந்து தேடினால், கம்பி முழுத் திறனோடு ஓடினாலும் ஆறு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்க நெட்வொர்க்கில் வேறு யாரும் மூச்சுவிட முடியாது. என் ஏஜெண்ட்டின் எடை 20 கே.பி. 24 நோடும் சுற்றினாலும் அரை எம்.பி. தாண்டாது. லாக் கோப்பு இருக்கிற இடத்திலேயே படித்து, 'ஏழாம் நோடு, டிஸ்க் 96 சதவீதம்' என்று ஒரு வரி மட்டும் எடுத்துவரும்.

நான் பிடித்துக்கொண்ட கருவி ஆக்லெட்ஸ். ஐ.பி.எம்.மின் டோக்கியோ ஆராய்ச்சிக் கூடத்தில் டேனி லாங்கே, மிட்சுரு ஓஷிமா இருவரும் 1990-களின் நடுவில் ஜாவா மொழியில் செய்தது. ஒவ்வொரு கணினியிலும் ஏஜெண்ட் வந்து தங்க ஒரு சத்திரம் வேண்டும். அந்தச் சத்திர புரோகிராமுக்குத் தாஹிதி என்று ஒரு தீவின் பெயர். டிஸ்பேட்ச் என்றால் போ, ரிட்ராக்ட் என்றால் திரும்பி வா, குளோன் என்றால் இன்னொன்றாகு. 1999-ல் லாங்கேயும் ஓஷிமாவும் நடமாடும் ஏஜெண்ட்டுக்கு ஏழு நல்ல காரணங்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் ஜெராக்ஸ் பிரதியை ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை போகும்போதெல்லாம் படித்துக் கசக்கி வைத்திருந்தேன். அவர்களுக்கு முன்னரே ஜெனரல் மேஜிக் என்ற கம்பெனி டெலிஸ்கிரிப்ட் என்று தனி மொழியே செய்து பார்த்திருந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆனந்த் திரிபாதியும் நீரன் கர்னிக்கும் செய்த ஏஜெண்ட் அமைப்புக்கு அஜந்தா என்று பெயர். பின்னால் அதை வைத்து நெட்வொர்க் கண்காணிப்பும் செய்து பார்த்தார்கள். குகை ஓவியங்களின் ஊர்ப் பெயரை அங்கே பார்த்தபோது எனக்கு ஒரு தைரியம் வந்தது, ஏன் என்று கேட்டால் தெரியாது.

இங்கே ஒரு நுணுக்கம். டெலிஸ்கிரிப்ட் ஏஜெண்ட், வேலையின் எந்த வரியில் நின்றதோ அதே வரியில் அடுத்த கணினியில் எழும். ஜாவாவில் செய்த ஆக்லெட்டால் அது முடியாது. குறிப்புகளை எடுத்துப் போகும், ஆனால் எந்த வரியில் இருந்தோம் என்பது மறந்துபோகும். பஸ்ஸில் தூங்கி, இறங்கியதும் பாக்கெட் நோட்டைப் பார்த்து 'எட்டு முடிந்தது, ஒன்பதாம் டிரம்முக்குப் போகணும்' என்று தெரிந்துகொள்கிற ஆள் மாதிரி. அதனால் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைக்கும்படி ஏஜெண்ட்டைப் பழக்க வேண்டும். முதல் ஒரு மாதம் என் ஆள் ஒவ்வொரு நோடிலும் முதலிலிருந்தே ஆரம்பித்துக்கொண்டிருந்தான்.

அது சரியானதும் வேறு தொல்லை. என் ஏஜெண்ட் வரிசையாக நடந்தது. பதினேழாம் நோடில் கணினி செத்தால், அதுவரை பதினாறு நோடில் சேர்த்ததும் அதோடு போச்சு. சரி, ஒரு தாய் ஏஜெண்ட் சர்வரில் இருக்கட்டும், நோடுக்கு ஒரு பிள்ளையை அனுப்பட்டும், 60 நொடியில் பிள்ளை திரும்பாவிட்டால் இன்னொன்றை அனுப்பட்டும் என்று மாற்றினேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகளும் தாயின் நகல்தானே. அந்த விதி அவற்றுக்குள்ளும் அப்படியே இருந்ததை நான் கவனிக்கவில்லை.

அன்று ராத்திரி கரண்ட் போனது. யு.பி.எஸ். சர்வருக்கும் முதல் வரிசைக்கும் மட்டும்தான். இரண்டாம் வரிசையின் 12 நோடும் படுத்துவிட்டன. தாய் காத்திருந்தது, அனுப்பியது, காத்திருந்தது, அனுப்பியது. அனுப்ப வழியில்லாமல் சர்வரிலேயே தேங்கி நின்ற பிள்ளைகளும் தங்கள் பங்குக்கு அனுப்ப ஆரம்பித்தன. காலையில் லேபைத் திறந்தபோது சர்வர் கல்லாகக் கிடந்தது. என் வகுப்புத் தோழி ஒருத்தியின் இரண்டு நாள் வேலை அதில் போய்விட்டது. அவள் என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை.

இதே விபத்து, என்னைவிடப் பெரிய மனிதர்களுக்கு நடந்திருக்கிறது என்று பிறகுதான் படித்தேன். கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆராய்ச்சிக் கூடத்தில் ஜான் ஷோச், ஜான் ஹப் என்ற இருவர், ராத்திரியில் சும்மா கிடக்கும் கணினிகளைத் தேடிப் போய் வேலை செய்கிற புரோகிராமைச் செய்தார்கள். புழு என்று பெயர் வைத்தார்கள். ஜான் பிரன்னரின் 1975-ஆம் வருஷத்து நாவலிலிருந்து எடுத்த பெயர். ஒரு ராத்திரி சின்னப் புழு ஒன்றை ஓடவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஏதோ ஒரு பிரதி கெட்டுப்போய், மறுநாள் காலை கட்டிடம் முழுக்க ஏறத்தாழ நூறு கணினிகள் செத்துக் கிடந்தன. அதையும் மறைக்காமல் 1982-ல் கட்டுரையில் எழுதினார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். கொத்து நிர்வாகத்துக்கு நடமாடும் ஏஜெண்ட் என்று நாங்கள் புதுசாகச் செய்ததாக நினைத்ததன் கொள்ளுப்பாட்டன் அந்தப் புழுதான். வைரஸ், வார்ம் என்று நாம் பயப்படுகிற ஜாதியும் அதே வம்சத்தின் இன்னொரு கிளை.

சர்வரைக் கெடுத்த கதையை வீட்டில் சொன்னேன். நைனா ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "அனுப்புன ஆளு வரலன்னா, இன்னொருத்தன், இன்னொருத்தன்னு அனுப்பிக்கினே இருப்பியா? எவ்ளோ பேருக்கு அப்பால நிறுத்தணும்னு சொல்லி வெக்க மாட்ட?"

பிறகு தன் ஷெட்டில் நடப்பதைச் சொன்னார். ஒவ்வொரு டிரம் பக்கத்துத் தூணிலும் ஒரு பலகை தொங்கும். மேஸ்திரி வெட்டிப் பார்த்ததும், சாக்பீஸால் அங்கேயே எழுதிவிட்டுத்தான் நகர்வார்: எத்தனை மணி, சோடா எத்தனாவது தவணை, வெட்டு நீலமா வெள்ளையா, யார் பார்த்தது. பாக்கெட் நோட்டு தனி. நைட் ஷிஃப்ட் மேஸ்திரி வந்து பலகையைத்தான் படிப்பார். முதல் மேஸ்திரிக்குக் காய்ச்சல் வந்தாலும், நோட்டு தண்ணீரில் விழுந்தாலும், டிரம்மின் கதை டிரம் பக்கத்திலேயே இருக்கும்.

அடுத்த வாரமே மாற்றினேன். ஏஜெண்ட் போகிற நோடில் எல்லாம் ஒரு சின்னக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டுக் கிளம்பும். பின்னால் வருகிற ஏஜெண்ட் முதலில் அந்த வரியைப் படிக்கும். ஐந்து நிமிஷத்துக்குள் யாரோ பார்த்திருந்தால், வேலையில்லை என்று தாண்டிப் போகும். ஒரு நோடுக்கு மூன்று தரம் அனுப்பியும் பதிலில்லை என்றால், தாய் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடும். எறும்புகள் இதைத்தான் செய்கின்றன, போன வழியில் வாசனை வைத்துவிட்டுப் போகின்றன. ஜியானி டி காரோ, மார்கோ டோரிகோ இருவரும் 1998-ல் இந்த எறும்பு வித்தையை வைத்தே நெட்வொர்க்கில் வழி கண்டுபிடிக்கும் ஏஜெண்ட்களைச் செய்து காட்டியிருந்தார்கள். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது எறும்பு இல்லை, சாக்பீஸ்.

அந்த ஆண்டுகளில் பெரிய அளவில் யோசித்தவர்களும் இருந்தார்கள். ஒரு கட்டிடத்துக் கிளஸ்டர் போதாது, ஊர் ஊராக இருக்கிற கிளஸ்டர்களை எல்லாம் ஒன்றாகக் கட்டலாம் என்று மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் கருடா என்ற தேசியக் கிரிட் திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் 17 நகரங்கள், 45 நிறுவனங்கள். யாருடைய கிளஸ்டர் காலியாக இருக்கிறது, எந்த வேலையை எங்கே அனுப்புவது என்று தரகு பார்க்கிற மென்பொருள் ஒன்றை, அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்தில் பேராசிரியர் தாமரைச்செல்வி குழுவினர் உருவாக்கினார்கள். தரகு! நைனாவின் கமிஷன் ஏஜெண்ட் அர்த்தம் அவ்வளவு தப்பில்லை. அந்த வளாகம் இருக்கிற ஊர் குரோம்பேட்டை. க்ரோம் லெதர் கம்பெனி இருந்ததால் வந்த பெயர் அது. இதைச் சொன்னபோது நைனா ஒரு தரம் தலையை ஆட்டிக்கொண்டார்.

அவ்வளவு பேர் பேசிய நடமாடும் ஏஜெண்ட் பிறகு எங்கே போனது? என் கருத்தில் அது தோற்றதற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை. இண்டர்நெட் முழுக்க ஏஜெண்ட்கள் சுற்றும், நமக்காக விலை பேசும், டிக்கெட் வாங்கும் என்றெல்லாம் கனவு கண்டார்கள். ஆனால் முன்பின் தெரியாதவன் அனுப்பிய புரோகிராமை என் கணினிக்குள் ஓடவிட எனக்கு மனம் வருமா? மறுபக்கமும் பயம்தான். ஏஜெண்ட் போய் உட்கார்ந்திருப்பது அடுத்தவன் கணினியில். அவன் நினைத்தால் அதன் பையைப் பிரித்து எல்லாவற்றையும் படிக்கலாம், பொய்த் தகவலைச் சொருகியும் அனுப்பலாம். ஒரு டேனரி மேஸ்திரியை அடுத்த டேனரி ஷெட்டுக்குள் விடவே மாட்டார்கள். எந்த மருந்து எத்தனை கிலோ, எந்த வரிசையில் என்பதுதானே சொத்து.

கிளஸ்டருக்குள் அந்தப் பயம் இல்லை. 24 நோடுக்கும் ஒரே முதலாளி. அதனால்தான் கொத்து நிர்வாகம் அதற்குப் பொருத்தமான இடம் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அங்கேயும் அதை எளிய வழிகள் முந்திவிட்டன. சில, நோடிலேயே ஒரு ஆளைக் குடிவைத்தன. அது நகராது, அங்கேயே உட்கார்ந்து நாடி பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் வாயில் பொருத்தி, நாள் முழுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அளவு அனுப்புகிற மீட்டர் மாதிரி. 1996-ல் உச்ச நீதிமன்றம் எங்கள் பக்கத்து டேனரிகளின் கழிவுநீர் வழக்கில் தீர்ப்புச் சொன்ன காலத்தில் அதிகாரி நேரில் வந்து பாட்டிலில் பிடித்துப் போவார். அவர் வருகிற அன்றைக்குப் பாலாற்றில் தண்ணீர் தெளிவாக இருக்கும் என்று ஊரில் ஒரு கிண்டல் உண்டு. இன்னொரு பக்கம், மென்பொருளால் ஆன மெய்நிகர்க் கணினி ஒன்றை ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவகத்தோடு அப்படியே வேறு இயந்திரத்துக்கு மாற்றுகிற வித்தையும் வந்தது. விஎம்வேர் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது 2003-ல், நான் ஆக்லெட்டோடு மல்லுக்கட்டிய அதே வருஷம். என் ஆள் வரி மறந்து எழுந்துகொண்டிருந்தபோது, அங்கே வீட்டையே ஆளோடு தூக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் இப்போது தினமும் பயன்படுத்துவது ஆன்சிபிள் என்ற நிர்வாக மென்பொருள். 2012-ல் வந்தது. 'ஏஜெண்ட் தேவையில்லை' என்பதுதான் அதன் விளம்பரமே. அது செய்வது என்ன தெரியுமா? ஒரு சின்னப் பைதான் புரோகிராமை எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக ஒவ்வொரு நோடுக்கும் அனுப்புகிறது. அது அங்கே ஓடுகிறது. ஒரு வரி பதிலை அனுப்புகிறது. பிறகு தன்னை அழித்துக்கொள்கிறது. அனுப்பின இடத்திலிருந்து ஒரே ஒரு எட்டு மட்டும் வைக்கிற நடமாடும் ஏஜெண்ட் அது. பெயரை மாற்றிக்கொண்டு வந்த பழைய சிநேகிதனை ரயிலில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

இப்போது செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் ஏஜெண்ட் என்ற சொல்லைத் திரும்பவும் எடுத்திருக்கிறார்கள். இவர்களுடையது பெரும்பாலும் ஊர் சுற்றுவதில்லை, ஓரிடத்தில் உட்கார்ந்து எல்லாக் கதவையும் தட்டுகிறது. யார் அனுப்பியது, எதைத் தொடலாம், எப்போது நிறுத்துவது என்ற கேள்விகள் மட்டும் தாஹிதி காலத்திலிருந்து அப்படியே இருக்கின்றன.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டிலிருந்தே லேப்டாப்பில் கல்லூரி நோடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் பச்சை வரிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நைனா ரிட்டயராகிப் பத்து வருஷம் ஆகிறது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னும் அந்த ஏஜெண்ட்தானா?"

"அதே மாதிரிதான் நைனா. போகும், பார்க்கும், சொல்லும், அப்புறம் தன்ன அழிச்சிக்கும்."

"அழிச்சிக்குமா?" முகத்தைச் சுளித்தார். "பலகையில எழுதிட்டுதானே?"

எழுதுவதில்லை. இத்தனை வருஷமாக நான் அதைச் சேர்க்கவே இல்லை.

அன்று மாலை, வேலை முடிந்ததும் நோடிலேயே ஒரு வரி எழுதும்படி இரண்டு வரிக் கட்டளை சேர்த்தேன்: தேதி, மணி, என்ன பார்த்தது, யார் அனுப்பியது. கோப்புக்குச் சாக்பீஸ் என்று பெயர். புதன்கிழமை பதினோராம் நோடு சர்வரோடு பேச மறுத்தது. நேரில் போய், மானிட்டரைச் சொருகி, அந்தக் கோப்பைத் திறந்தேன். செவ்வாய் இரவு 11.40, டிஸ்க் 97 சதவீதம், அனுப்பியது நான்.